இறங்கும் தோளுக்குக் கட்டு மட்டும் போதுமா?

பொங்கல் சமயத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் கபடிப் போட்டி களைகட்டும். ரெய்டு போனவன் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாய்கிறான். பின்னாலிருந்து ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். கை பக்கவாட்டில் விரிந்து பின்பக்கம் முறுகும் அந்த நொடியில்தான் தோளின் பந்து கிண்ணத்தை விட்டு முன்னால் நழுவுகிறது. முதல் தடவை உயிர் போகிற வலி. நாலைந்து தடவை ஆனபிறகு அவனே ஓரமாக உட்கார்ந்து உள்ளே தள்ளிக்கொள்கிறான். சுற்றி நிற்பவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஒரு கட்டு போடு, சரியாயிடும். ஆபரேஷன் மட்டும் வேணாம், அப்புறம் கையே தூக்க வராது." கரும்புக்கட்டை லாரியில் ஏற்றும் தொழிலாளிக்கும் இதே யோசனைதான் கிடைக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இதை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இழப்பது எலும்பை.

முதலில் கட்டு. உடைந்த எலும்பை அசையாமல் வைத்தால் கூடும் என்பது உண்மை. அந்த அனுபவத்திலிருந்துதான் தோளுக்கும் கட்டு என்ற நம்பிக்கை வந்தது. ஆனால் தோள் இறங்கும்போது பெரும்பாலும் சேதமாவது எலும்பு அல்ல. தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. பந்து வெளியே வராமல் இருக்க அதன் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற தடித்த வளையம் இருக்கிறது, தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடு மாதிரி. பந்து முன்னால் பிதுங்கும்போது இந்த வளையம் விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. 1923இல் இதை விளக்கி எழுதிய பாங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரே இந்தக் கிழிசலுக்கு நிலைத்துவிட்டது. கையை நெஞ்சோடு சேர்த்து எத்தனை வாரம் கட்டினாலும், பிய்ந்த வளையம் பழைய இடத்துக்கு வராமல் உள்பக்கம் சரிந்து ஒட்டிக்கொள்வது உண்டு. சுவீடனில் ஹோவேலியஸ் குழுவினர் முதல்முறை தோள் இறங்கியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று நான்கு வாரம் கட்டியவர்களுக்கும் சீக்கிரமே கட்டை எடுத்தவர்களுக்கும், மறுபடி இறங்குவதில் வித்தியாசமே இல்லை. எடின்பரோவில் 15 முதல் 35 வயதுக்காரர்களிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் பாதிப்பேருக்கு மேல் தோள் மறுபடி நிலைகுலைந்திருந்தது. ஐந்து ஆண்டில் அது மூன்றில் இரண்டு பங்கு.

வயது இங்கே பெரிய விஷயம். நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் மறுபடி இறங்குவது குறைவு. அவருக்கு ஸ்லிங்கும் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். ஆனால் சில வாரம் கழித்தும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்.

"இப்பல்லாம் வலியே இல்ல, தானா உள்ள போயிடுது" என்று ஆறுதலாகச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் அதிகம். லேசாகப் போய்வருகிறது என்றால் வழி அகலமாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் முன்விளிம்பு தேய்கிறது. பந்தின் பின்பக்கம் அந்த விளிம்பில் மோதிக் குழிகிறது. அந்தக் குழிக்கு, 1940இல் அதைப் பற்றி எழுதிய இரண்டு எக்ஸ்ரே மருத்துவர்களின் பெயரால் ஹில்–சாக்ஸ் என்று பெயர். முதல் தடவையே எக்ஸ்ரே இல்லாமல் உருவி இழுப்பதும் ஆபத்து. கூடவே எலும்பு உடைந்திருந்தால் இழுப்பில் விலகும். புஜத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். இழுப்பதற்கு முன்பே அதைத் தொட்டுப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்து, ஆபரேஷன் செய்தால் கை தூக்காது என்ற பயம். இது வெறும் கற்பனை இல்லை. புட்டி–பிளாட் என்ற பழைய முறையில் முன்பக்கத் தசையையும் உறையையும் இழுத்துச் சுருக்கித் தைத்தார்கள். தோள் இறங்குவது நின்றது, கையை வெளிப்பக்கம் திருப்புவதும் நின்றது. பல வருடம் கழித்து மூட்டுத் தேய்மானமும் வந்தது. இன்று முதல் தேர்வாக அதைச் செய்வதில்லை. பிய்ந்த வளையத்தை ஆங்கர் எனும் சிறு ஆணிகளால் பழைய விளிம்பிலேயே பிணைப்பதுதான் பாங்கார்ட் சீரமைப்பு. இதில் கையை வெளிப்பக்கம் திருப்புவது கொஞ்சம் குறையலாம். கை தூக்க வராது என்பது பொருந்தாது.

இந்தப் பயத்துக்கு நேர் எதிராக, படித்தவர்களிடம் இன்னொரு நம்பிக்கை பரவியிருக்கிறது: "சாவித்துவார ஆபரேஷன்தான் நவீனம், எல்லாருக்கும் அதுவே போதும்." இதை மறுப்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2000ஆம் ஆண்டில் பர்க்கார்ட், டி பீர் இருவரும் சாவித்துவார முறையில் செய்த 194 பாங்கார்ட் சீரமைப்புகளை ஆராய்ந்தார்கள். எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே மறுபடி இறங்கியது. எலும்பு தேய்ந்தவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கு. அறுவை ஒன்றுதான், தோள்தான் வேறு.

ஆகவே அளந்து பார்க்காமல் முறையைத் தேர்வு செய்யக்கூடாது. எம்.ஆர்.ஐ. வளையக் கிழிசலை நன்றாகக் காட்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு முப்பரிமாண சி.டி.தான் தெளிவு. கிண்ணத்தில் 20–25 சதவீதம் போயிருந்தால் தையல் தாங்காது என்பது நெடுநாள் கணக்கு. 13.5 சதவீதத்திலேயே பலன் குறைகிறது என்று பின்னால் வந்த ஆய்வு எச்சரித்தது. கபடி போன்ற மோதல் விளையாட்டு, இருபதுக்குக் கீழ் வயது, இயல்பிலேயே தளர்ந்த மூட்டு ஆகியவையும் தையலுக்கு எதிராக எடைபோடும். பந்தில் குழி பெரிதாகவும் கிண்ணத்தில் இழப்பு குறைவாகவும் இருந்தால், பின்பக்கத் தசைநாரைக் குழிக்குள் பதித்துத் தைக்கும் ரெம்ப்ளிசாஜ் சேர்த்துச் செய்வார்கள்.

கிண்ணமே தேய்ந்திருந்தால் லட்டார்ஜே. லியோனைச் சேர்ந்த மிஷேல் லட்டார்ஜே 1954இல் வெளியிட்ட முறை. தோளின் முன்பக்கம் நீண்டிருக்கும் காரகாய்டு எலும்பின் நுனியை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டியெடுத்துக் கிண்ணத்தின் தேய்ந்த விளிம்பில் திருகாணியால் பொருத்துகிறார்கள். விளிம்பு அகலமாகிறது, கையை விரித்துத் திருப்பும்போது அந்தத் தசைநார் பந்துக்கு முன்னால் இறுகித் தாங்குகிறது. பெரும்பாலும் திறந்துதான் செய்வார்கள் என்பதற்காக இதைப் பழசு என்று ஒதுக்குவது சரியல்ல. நரம்புக் காயம், திருகாணித் தொல்லை, வைத்த எலும்பு கரைவது எல்லாம் இதில் உண்டு. கை தேர்ந்தவரிடம் போக வேண்டும். வலிப்பு நோயால் தோள் இறங்குபவருக்கு, வலிப்பு கட்டுக்குள் வராமல் எந்த முறையும் நிலைக்காது.

இதற்கெல்லாம் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலிருந்தும் சுமார் ஒரு மணி நேரப் பயணம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த அறுவைக்கு அனுமதி என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடலாம். டாக்டரிடம் "எலும்பு எத்தனை சதவீதம் போயிருக்கு?" என்று கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு வாரம் ஸ்லிங், பிறகு பிசியோ, மோதல் விளையாட்டுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். கூலிக்குப் போகிறவருக்கு இது பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும். கரும்பு அரவை முடிந்த கையோடு செய்துகொண்டு பயிற்சியை விடாமல் செய்தால், அடுத்த அரவைக்குக் கட்டுத் தூக்கப் போகலாம்.