ஏலக்காய் போட்டால் காப்பி தீட்டாகிவிடுமா?

தில்லிக்கு வந்து செட்டிலான நம்மாட்கள் சிலருக்கு ஒரு வியாதி. டிகாக்‌ஷனில் ஏலக்காய் வாசனை வந்தால் போதும், "இதெல்லாம் ஒரு காப்பியா?" என்று முகம் சுளிப்பார்கள். இதே ஆசாமிகள்தான் ஆபீசில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்ட டீயை மூணு வேளையும் உறிஞ்சுகிறார்கள்.

சரி, உங்கள் 'சுத்தமான' காப்பியில் சிக்கரி எதற்கு சார்? அது என்ன காப்பிச் செடியிலா காய்க்கிறது? வறுத்து அரைத்த வேர்! பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். காப்பி 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி சிக்கரியாக இருக்கச் சட்டமே இடம் தருகிறது. அதற்குக் கும்பிடு, ஏலக்காய்க்கு மட்டும் தடாவா?

அரபுக்காரர்களின் கஹ்வாவில் ஏலக்காய் இல்லாவிட்டால்தான் குற்றம். காப்பி பிறந்த எத்தியோப்பியாவிலேயே சதாப்பிலை போட்டுக் குடிக்கிறார்கள். நம்மூர் சுக்குக் காப்பியில் பல வீடுகளில் காப்பித்தூளே கிடையாது, பேர் மட்டும் காப்பி!

எங்கள் வீட்டில் ஜனவரிக் குளிருக்குத் தங்கமணி ஒரு ஏலக்காயும் நகமளவு சுக்கும் நசுக்கி, ஃபில்டரில் தூளோடு போட்டுவிடுவார். மணம் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும். பச்சை இஞ்சி மட்டும் வேண்டாம், பால் திரிந்து தொலைக்கும்.

எனக்கு எரிச்சல் ஏலக்காயால் இல்லை. விடிகாலை 5 மணிக்கு நடுங்கிக்கொண்டே டிகாக்‌ஷன் இறக்குவது ஒருவர், ரஜாய்க்குள் இருந்தபடி தீர்ப்பு சொல்வது இன்னொருவர். பிடிக்காத ரங்கமணிகள் நாளைக்கு எழுந்து தாங்களே போட்டுக்கொள்ளட்டும். ஃபில்டர் மேல் ஷெல்ஃபில்தான் இருக்கிறது :-)