துணை விமானியின் கடமை

ஒருவர் தலைமை தாங்க மற்றொருவர் துணை நிற்பது எத்தொழிலுக்கும் இன்றியமையாத ஒழுங்காகும். போடியாருக்கு முல்லைக்காரன், சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தாதி, தலைமை விமானிக்குத் துணை விமானி என இவ்வொழுங்கு எங்கும் நிலவுகிறது. ஆயின், தலைவர் கண்முன்னே தவறிழைக்கும்போது துணைவர் வாய் திறக்க வேண்டுமா? வாய் திறந்தும் பயனில்லையெனில் கை நீட்டவும் வேண்டுமா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை இல்லாமையால் மாண்டோர் பலர்.

2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டு நிலத்தில் அமைந்த ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். எண்மர் மட்டுமே பிழைத்தனர். பறப்பின் பெரும்பகுதியில் உறங்கிவிட்ட தலைமை விமானி, மிகையான உயரத்திலிருந்து மிகையான வேகத்தில் விமானத்தை இறக்கினார். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி மூன்று முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. எதுவும் செவியேறவில்லை. 8,000 அடிக்குச் சற்று மேற்பட்ட ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பின்னரே சக்கரங்கள் நிலந்தொட்டன.

துணை விமானி கூறினார். ஆனால் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்தாரில்லை. ஏன்? விசாரணை மன்றம் கூறிய காரணம் நம் கவனத்துக்குரியது. மேலெழும் முடிவைத் துணை விமானியே நிறைவேற்றலாம் என்ற விதிகள் தெளிவாக இல்லாமையே அவர் தயங்கியதற்குக் காரணமாகலாம் என்று அம்மன்றம் கருதிற்று. அவருக்குக் குறைவாயிருந்தது அறிவன்று. அதிகாரம் பற்றிய தெளிவே.

பாடம் கற்கப்பட்டதா? பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள், அதே நிறுவனத்தின் விமானமொன்று துபாயிலிருந்தே வந்து கோழிக்கோட்டில் மழைக்கிடையே இறங்கியது. அதுவும் மேட்டு நில ஓடுபாதை. அதுவும் பாதித் தூரம் கடந்த பின்னரே நிலந்தொட்டது. துணை விமானி மேலெழுமாறு கூறினார்; தலைமை விமானி இணங்கவில்லை. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். துணை விமானி கட்டுப்பாட்டைக் கையேற்காமையும் விபத்தின் காரணங்களுள் ஒன்றென விசாரணை அறிக்கை வெளிப்படையாகவே எழுதிற்று.

இலங்கை மண்ணும் இத்துயரை அறியும். 1978 நவம்பர் 15ஆம் நாள் கட்டுநாயக்காவில் ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் விமானம் ஓடுபாதையை எட்டுமுன்பே வீழ்ந்தது. ஹஜ் கடமை முடித்துத் திரும்பிய இந்தோனேசிய மக்கள் உட்பட 183 பேர் மாண்டனர். உயரத்தை உரக்க அறிவிக்க வேண்டிய துணை விமானி அதனைச் செய்யாமையையும் இலங்கை விசாரணை காரணமாகச் சுட்டியது. அங்கே கையும் எழவில்லை, வாயும் திறக்கவில்லை.

அவ்வாறாயின் தலையிட வேண்டிய நேரம் எது? துறையோர் இதற்கு அளவு வகுத்திருக்கின்றனர். கருவிகளை நம்பி இறங்கும் வானிலையில் நிலத்துக்கு மேல் 1,000 அடியிலும், கண்ணால் பார்த்து இறங்கும் தெளிந்த வானிலையில் 500 அடியிலும் விமானத்தின் வேகம், இறங்கு வீதம், திசை யாவும் ஒழுங்காய் அமைந்திருத்தல் வேண்டும். அமையாவிடின் மேலெழ வேண்டும். அந்த எல்லைக்கு மேலே பிழை தோன்றின் துணைவர் அதை எண்ணோடு சுட்டிக் கூறட்டும்; திருத்துவதற்கு அவகாசமுண்டு. எல்லையைக் கடந்த பின்னரும் பிழை நீடித்தால் "மேலெழுக" என்று கூறட்டும். இருமுறை கூறியும் தலைவர் இணங்காவிடின் கட்டுப்பாட்டை ஏற்றதாக உரக்க அறிவித்துத் தாமே மேலெழட்டும்.

ஓர் ஆசனத்தில் இரு தலைவர் அமரலாமா, இருவர் கைகள் ஒன்றையொன்று எதிர்த்தால் கேடன்றோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அதனாலன்றோ எல்லையை முன்கூட்டியே வகுக்க வேண்டுமென்கிறோம்! விதி வகுத்த உயரத்தில், விதி வகுத்த சொல்லால் கையேற்பது கலகமாகாது. தலைவரும் ஏற்றுக்கொண்ட விதியை நிறைவேற்றுவதே அது.

காலந்தவறிய தலையீடு பயன் தராது. வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை உரிய வேளையில் வெட்டினாற் பயிர் பிழைக்கும்; பயிர் அழுகிய பின் வெட்டினால் நீர் வடியும், விளைச்சல் மீளாது. மங்களூரிலும் நிலந்தொட்டு வேகந்தணிக்கத் தொடங்கிய பின்னரே தலைமை விமானி மேலெழ முயன்றார். வானில் உயிர்காத்திருக்கக்கூடிய அதே செயல், ஓடுபாதையின் கடைசியில் உயிர்குடித்தது.

பெரியோர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறாமை நம்மவர் போற்றும் பண்பு. அப்பண்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் உயிர் ஒருவர் கையில் இருக்கையில், பிழை கண்டும் வாளாவிருப்பது மரியாதையன்று, உடந்தையே. தம் இளையோரின் எச்சரிக்கைக்குச் சினவாது செவிசாய்ப்பதே மூத்தோர்க்கும் அழகு. வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் இது பொருந்தும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் நமக்கும் ஒரு விமான நிலையம் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் உடன்பிறந்தார் கட்டுநாயக்கா வழியே வந்து போகின்றனர். எனவே இது பிறர் விவகாரமன்று. நம் நாட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொரு நிறுவனத்தின் விதிநூலிலும் துணை விமானியின் இவ்வதிகாரம் ஐயமின்றி எழுதப்பட்டுள்ளதா, பயிற்சியில் அது பழக்கப்படுகிறதா, மேலெழுந்து மீண்டவர் எரிபொருட் செலவுக்காகவோ தாமதத்துக்காகவோ தண்டிக்கப்படாதிருக்கின்றாரா என்பவற்றைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ஆராய்ந்து மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். மங்களூரில் மும்முறை எழுந்து வீணான குரல் இனி எந்த விமானத்திலும் வீணாகலாகாது.