மீட்டர் 24 வோல்ட் காட்டியது, வைப்பர் ஓடவில்லை

முனைவர் பட்ட ஆய்வுக்காக நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுடன் பயணம் செய்துவருகிறேன் என்பது இங்குள்ள நண்பர்கள் பலருக்கும் தெரியும். கடந்த ஆடியில் புனேயிலிருந்து நாமக்கல் திரும்பிய ஒரு லாரியில் இருந்தேன். இருபது ஆண்டுகளைக் கடந்த வண்டி. கம்பட்கி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியபோது மழை வலுத்தது. வைப்பர் முதலில் தளர்ந்தது. பிறகு கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்கு ஒரு சிவப்புக் கறையாக மட்டுமே தெரிந்தது. ஓட்டுநர் அண்ணன் சன்னல் வழியே கையை நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைத்தபடி, நடைவேகத்தில் வண்டியை ஓரங்கட்டினார். “ரெண்டு மாசத்துல மோட்டாரும் மாத்தியாச்சு, சுவிட்சும் மாத்தியாச்சு தம்பி. இன்னும் என்னத்த மாத்துறது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதத்தையும், அது நம் கல்விமுறையைப் பற்றி எழுப்பும் வினாவையும் இங்கே எழுதுகிறேன்.

மழை தணிந்தபின் சதாராவின் புறநகரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைக்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்சாரம் வரும் வயரிலும் மறுமுனையைக் கேபினின் இரும்பிலும் வைத்தார். மீட்டர் 24 வோல்ட் காட்டியது. மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே மோட்டார்தான் பழுது என்று அவர் முடிவு செய்தார். மூன்றாவது மோட்டார் வாங்கவேண்டிய நிலை. அப்போது கடையின் மூத்தவர், எல்லோரும் உஸ்தாத் என்று அழைக்கும் பெரியவர், ஓட்டுநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வைப்பர் ஓடும்போது கேபின் கூரைமேல் உள்ள சிறு விளக்குகள் மங்குகின்றனவா? ஆம் என்றார் அண்ணன். பேட்டரி பழையது என்பதால் அப்படி இருக்கும் என்று இதுவரை எண்ணியிருந்தாராம்.

உஸ்தாத் மீட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு வயர்கள் கட்டிய ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். அதே இரண்டு இடங்களில் வைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. பிறகு கேபின் இரும்பில் இருந்த முனையை மட்டும் எடுத்து, ஒரு நீண்ட வயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையுடன் நேரடியாக இணைத்தார். பல்பு முழு ஒளியுடன் எரிந்தது. பழுது மின்சாரம் வரும் வழியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது என்பது அந்த ஒரு மாற்றத்தில் உறுதியாயிற்று.

இதன் இயற்பியல் எளியது. மின்னணு மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் அளவில் இருக்கும். அது இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அவ்வளவு சிறிய மின்னோட்டத்திற்குத் துருப்பிடித்த இணைப்பு ஒரு தடையே அன்று. ஆகவே மீட்டர் முழு 24 வோல்ட்டையும் காட்டும். 70 வாட் பல்போ ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். துருவின் தடை 3 ஓம் என்றால், 3 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 9 வோல்ட் கரைந்துவிடும். மோட்டாருக்கு எஞ்சுவது 15 வோல்ட். அதே எர்த் வழியைக் கூரை விளக்குகளும் பகிர்ந்துகொண்டால் இழப்பு இன்னும் கூடும். இரவிலும் மழையிலும், அதாவது விளக்குகளும் வைப்பரும் ஒருசேரத் தேவைப்படும் வேளையில்தான், வைப்பர் நிற்கும்.

நம் நாட்டில் பழைய லாரிகள் பலவற்றின் கேபின், தொழிற்சாலையில் அன்றி உள்ளூர் பாடி கட்டும் பட்டறைகளில் மரச்சட்டமும் தகடும் கொண்டு கட்டப்பட்டது. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கேபினிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் ஓர் எர்த் வயரையே எல்லாமும் நம்பியிருக்கும். இந்த வண்டியில் அந்த வயரின் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டும் துருவும் படிந்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, புதிய லக் பொருத்தி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார்கள். வைப்பரை ஓடவிட்டு, கேபின் இரும்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தபோது அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியது. மீட்டர் முன்பும் பொய் சொல்லவில்லை. சுமை இல்லாத சுற்றில் அதனிடம் தவறான கேள்வி கேட்கப்பட்டிருந்தது.

நானும் மின்பொறியியல் இளங்கலை படித்தவன். ஓம் விதியைக் கொண்டு நூற்றுக்கணக்கான கணக்குகள் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் எர்த்துக்குத் தடை இருந்ததில்லை. பாடநூலில் எர்த் என்பது மூன்று கோடுகள். லாரியில் அது துருப்பிடிக்கக்கூடிய ஒரு போல்ட். நம் தேர்வுகள் முழுமையான சுற்றைக் கொடுத்து விடையைக் கேட்கின்றன. வாழ்க்கை கெட்டுப்போன சுற்றைக் கொடுத்து, எங்கே கெட்டது என்று கேட்கிறது.

பழுதறிதல் ஊகம் அன்று. அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு வேகங்களில் ஒன்று மட்டும் இயங்கவில்லை என்றால், சுவிட்சையோ அந்த வேகத்திற்குரிய கார்பன் பிரஷ்ஷையோ ஐயுறலாம். சுவிட்சை அணைத்ததும் கண்ணாடியின் ஓரத்திற்குச் செல்லாமல் இருந்த இடத்திலேயே நின்றால், மோட்டாரின் பல்சக்கரப் பெட்டிக்குள் உள்ள பார்க்கிங் தொடுமுனையைப் பார்க்கவேண்டும். இரண்டு வேகங்களும் தளர்ந்தால், மின்சாரம் வரும் வழி, திரும்பும் வழி, இணைப்புக் கம்பிகளின் இறுக்கம் ஆகிய மூன்றும் மிஞ்சும். கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியே ஓடவிட்டால் மூன்றாவது பிரிந்துவிடும். ஒவ்வொரு சோதனையும் சாத்தியங்களின் ஒரு பகுதியை நீக்கவேண்டும் என்பதே விதி. ஆய்வு முறையியல் வகுப்பில் நாம் கற்பிக்கும் கருதுகோள் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டா?

இங்கே நிறுத்திவிட்டால், பட்டறை அறிவே உயர்ந்தது, பல்கலைக்கழக அறிவு வெற்று என்னும் வழக்கமான புகழுரையாக இது முடிந்துவிடும். நடந்தது அப்படி இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தபோது வைப்பருக்கான இடத்தில் பியூஸ் இல்லை. செப்பு இழைகளை முறுக்கிச் சொருகியிருந்தார்கள். எப்போதோ இணைப்புக் கம்பி இறுகிப் பியூஸ் அடிக்கடி போயிருக்கும். யாரோ இந்த வழியைக் கண்டிருக்கிறார்கள். உஸ்தாத் அதைப் பார்த்தார், ஓடும் என்று சொல்லி மூடிவிட்டார். மோட்டார் இறுகி நின்றால் மின்னோட்டம் பல மடங்காகும். அப்போது உருகவேண்டியது பியூஸ். அது இல்லாவிட்டால் உருகுவது வயரின் உறை, பிறகு பற்றுவது கேபின். மூடியில் குறித்திருந்த அளவுள்ள பியூஸை அடுத்த ஊரில் வாங்கிப் பொருத்தினோம். எர்த்தைக் கண்டது உஸ்தாதின் கைப்பழக்கம்; பியூஸை வற்புறுத்தியது என் பாடநூல். ஒன்றில்லாமல் மற்றொன்று அந்த வண்டிக்குப் போதாது.

நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரை ஆராய்ந்த ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட நூல், அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகள் வழியாகவே அறிவு பரவுகிறது என்று காட்டியது. நம் நெடுஞ்சாலைப் பட்டறைகளிலும் அதுவே நிகழ்கிறது. ஆனால் கதை மட்டுமே வழியாக இருக்கும்போது, செப்பு இழையும் ஒரு நல்ல உத்தியாகவே பரவும்.

ஆகவே மூன்று முன்மொழிவுகள். முதலாவது, பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் ஒரு பருவமேனும் பழுதறிதல் ஆய்வகம் வேண்டும். ஆசிரியர் மறைவாக ஒரு பழுதை உண்டாக்குவார். கண்டுபிடிப்புக்கு மட்டுமின்றிச் சோதனைகளின் வரிசைக்கும் மதிப்பெண். இரண்டாவது, வாகனங்களின் வயரிங் வரைபடங்கள் இந்திய மொழிகளில் பொதுவில் கிடைக்கவேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் இருந்தன. ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பல மொழிகளில் நூல் வெளியிடும் தேசிய நிறுவனம் சென்னைக் கிண்டியிலேயே இருக்கிறது. கட்டமைப்பு உண்டு, தரவைத் திறந்துவிடும் ஆணைதான் வேண்டும். மூன்றாவது, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, திறம்பட இயங்கும் வைப்பரைக் கட்டாயமாக்குகிறது. தகுதிச் சான்றுக்கான ஆய்வில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, நனைந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டிப்பார்க்கவேண்டும். வெயிலில் ஒரு வீச்சு அசைந்தால் போதும் என்றால், எங்கள் வண்டியும் தேறியிருக்கும்.

கற்பிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆய்வக வகுப்பில் ஒரு இணைப்பை வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு வையுங்கள். மாணவர்கள் முதலில் எங்கே மீட்டரை வைக்கிறார்கள் என்று பார்த்து, இங்கே எழுதுங்கள்.