ஒதுக்கப்படும் ரைபிள்கள் யார் கைக்கு?

இந்திய ராணுவத்தின் துப்பாக்கி மாறிக்கொண்டிருக்கிறது. 6,01,427 ஏ.கே.203 ரைபிள்களுக்கு 2021 டிசம்பரில் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் ஆயிற்று. உத்தரப் பிரதேசத்தின் கோர்வா தொழிற்சாலையில் அவை தயாராகின்றன. புதியது வர வர, பழைய இன்சாஸ் ரைபிள் ஒதுங்குகிறது. அதற்கும் மூத்த .303 ரைபிளை உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரி 26 அன்று வழியனுப்பி வைத்தது. ஒதுக்கப்படும் இந்த லட்சக்கணக்கான ரைபிள்கள் எங்கே போகும்? யார் கைக்குப் போகும்? கிடங்குக் குமாஸ்தாவின் கணக்கு என்று இதை விட்டுவிட முடியாது. மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது.

சென்னையின் தென்புறநகர் மக்களுக்கு ராணுவத் துப்பாக்கி புதிதல்ல. பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பல்லாவரத்திலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஓய்வுபெற்ற சிப்பாய்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. பென்ஷன் போதாமல், சொந்த லைசென்ஸில் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வங்கி வாசலில் நிற்கிறவர்களும் அவர்களில் உண்டு. துப்பாக்கியின் ஆபத்தையும் அதன் பொறுப்பையும் இம்மக்கள் அறிவார்கள்.

ராணுவம் கழித்த ரைபிளைச் சாதாரணக் குடிமகன் வாங்க முடியுமா? முடியாது. ராணுவத்தின் .303, 7.62 மி.மீ. தோட்டாக்களைச் சுடவல்ல ரைபிள்களை மத்திய சர்க்காரின் தனி அனுமதியின்றித் தனியார் எவரும் வைத்திருக்கக் கூடாது. தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் அப்படியே. இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலை தனியாருக்கென்று செய்த .315 ரைபிளின் அமைப்பு பழைய .303-ஐ ஒட்டியதுதான், தோட்டா மட்டும் வேறு. சிப்பாயின் தோட்டா ஜனங்களின் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று வெள்ளையன் போட்ட கணக்கு இன்றும் செல்லுபடியாகிறது.

வெள்ளையனின் கணக்கில் இன்னொரு பாதியும் இருந்தது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்திய ஜனங்களை நிராயுதபாணிகளாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1887-இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே இச்சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. பிபின் சந்திர பால் அதை ரத்து செய்யக் கோரிப் பேசினார். சுதந்திர இந்தியா 1959-இல் புதுச் சட்டம் இயற்றியது. நிற வேற்றுமை போயிற்று. பண வேற்றுமை போயிற்றா?

உயிருக்கு ஆபத்து என்று காட்டினால் லைசென்ஸ். யாருடைய உயிர் ஆபத்து, அதிகாரியின் கண்ணில் படுகிறது? பண்ணையாரின் பயம் மனுவாகி, சிபாரிசாகி, லைசென்ஸாகிவிடுகிறது. கூலி கேட்டதற்காக மிரட்டப்படும் விவசாயத் தொழிலாளியின் பயம் போலீஸ் நிலைய வாசலைத் தாண்டுவதில்லை. ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்த உச்சவரம்பை 2019-இல் இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர்கள் யார்? பஞ்சாலைத் தொழிலாளியா, பனையேறியா?

1968 டிசம்பர் 25 இரவை இந்நாடு மறக்காது. கீழ்வெண்மணிக்குள் மிராசுதார் கும்பல் துப்பாக்கிகளுடன் வந்தது. 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது, நெருப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்பதை அந்த மண் சொல்லும்.

வேறொரு வாதமும் கேட்கிறது. “ஜனங்களை ஆயுதமற்றவர்களாக்கியது அந்நியன். ஆகவே தடையை நீக்கு. பழைய ரைபிள்களை விற்றுவிடு. அமெரிக்காவில் விற்கவில்லையா?” என்கிறார்கள். அங்கே விற்கத்தான் செய்கிறார்கள். அதற்கென்றே 1996-இல் தனி ஸ்தாபனமும் அமைத்தார்கள். அதே 1996-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்நாட்டு சர்க்கார் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை ஜனங்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கி அழித்தது. ஜாதி ஆதிக்கமும் நில ஆதிக்கமும் ஒழியாத நம் நாட்டில் துப்பாக்கிச் சந்தையைத் திறந்துவிட்டால், பணமுள்ளவன் பத்து வாங்குவான். சேரிக்கு வந்து சேருவது தோட்டா மட்டுமே.

சர்க்காரே ஆயுதத்தைத் தனியார் கூட்டங்களிடம் கொடுப்பது இதைவிடக் கொடியது. சத்தீஸ்கரில் ‘சல்வா ஜுடும்’ என்ற பெயரில் ஆதிவாசி இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுத்து ஆதிவாசிகள் மீதே ஏவினார்கள். அது சட்டவிரோதம், ஆயுதங்களைத் திரும்பப் பெறுக என்று 2011 ஜூலை 5-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மணிப்பூரில் 2023-இல் நடந்ததென்ன? போலீஸ் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. அவற்றில் பழைய .303-ம் இருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று 2025 பிப்ரவரியில் கவர்னர் கெஞ்ச வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்தது ஒரு பகுதியே. கிடங்கில் தூங்கும் பழைய துப்பாக்கி செத்த துப்பாக்கி அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே நாம் கோருவது இது:

ஒன்று: ராணுவமும் போலீசும் கழிக்கும் ரைபிள்களை ஒவ்வொன்றாக எண் குறித்து, சர்க்கார் தொழிற்சாலைகளில் பகிரங்கமாக உருக்க வேண்டும். அக்கணக்கு பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் வைக்கப்பட வேண்டும்.

இரண்டு: ‘கிராமக் காவல்’ என்றோ, தனியார் பாதுகாப்புக் கம்பெனி என்றோ எந்தப் பெயரிலும் ஒரு ரைபிள்கூட வெளியே போகக் கூடாது.

மூன்று: 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3-ஆவது விதி, கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் ஆதிக்கக்காரர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து ஆயுதங்களைச் சர்க்கார் கிடங்கில் சேர்க்க இடம் தருகிறது. ஏட்டிலுள்ள இவ்விதியை நாட்டில் நடத்திக் காட்டுக!

நான்கு: போலீஸ் கமிஷனர் உள்ள பகுதிகளில் லைசென்ஸ் அதிகாரம் அவரிடம் இருக்கும்படி சட்டம் வகுத்துள்ளது. தாம்பரம் கமிஷனர் அலுவலகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. அதன் எல்லையில் எத்தனை லைசென்ஸ், எக்காரணத்துக்காக, ரத்தானவை எத்தனை என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஐந்து: வங்கி வாசலில் நிற்கும் காவல் தொழிலாளி தன் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரும் நிலை ஒழிய வேண்டும். ஆயுதமும் அதன் பொறுப்பும் நிர்வாகத்தைச் சேரட்டும். அவருக்கு நியாயமான சம்பளம் சேரட்டும்.

தாம்பரம் மாநகராட்சி உறுப்பினர்களும், தொழிற்சங்கங்களும், முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டுகிறோம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி, கடைசி எண் வரை மக்களுக்குக் கணக்குக் காட்டப்பட்டே தீர வேண்டும்!