பொழுதுபோக்கு ட்ரோனுக்குத் தொழில் சான்றிதழ் எதற்கு?

இரண்டு கிலோ வரை எடையுள்ள ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்கு இந்தியச் சட்டப்படி விமானிச் சான்றிதழ் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் எடையையும் நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. 250 கிராமுக்கு மேற்படாத நானோ வகையை எதற்காக ஓட்டினாலும் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கு, வணிக நோக்கம் இல்லையென்றால் வேண்டாம். ஆகவே, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரைகளிலும் அறுப்பு முடிந்த வயல்களிலும் கேமரா ட்ரோன் ஓட்டிப் பழகிய ஒருவர் ‘லைசென்ஸ்’ எடுக்க நினைப்பது பெரும்பாலும் அதை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தில்தான். அந்த எண்ணம் எந்தத் தொழிலில் பலிக்கும், எதில் பலிக்காது என்பதே இங்கு கேள்வி.

ஊரில் லைசென்ஸ் என்று சொல்லப்படுவது 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழாகிவிட்டது. அதை வழங்குவது, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 18 முதல் 65 வரை வயதும் தகுதிகள். வகுப்புப் பாடம், கணினிப் பயிற்சி, திடலில் பறக்கவிடுதல் எல்லாம் சில நாள்களில் முடிந்துவிடும். கட்டணம் மட்டும் பல பத்தாயிரங்களைத் தொடும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 செப்டம்பர் முதல் வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை போன்றவையே போதும் என்றானது கிராமத்து இளைஞர்களுக்குப் பெரிய சலுகை. தமிழ்நாட்டில் இத்துறையின் மையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் அங்கேதான் இயங்குகிறது. திண்டிவனத்துக்காரர் சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தால் எங்கும் பறக்கவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும் வரைபடம் சான்றிதழ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை இருவருக்குமே முன் அனுமதி வேண்டாம். சிவப்புப் பகுதியில் இருவருக்குமே மத்திய அரசின் அனுமதி வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் நகரங்கள் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் உள்ள 12 கிலோமீட்டர் வளையத்துக்கு வெளியே, வெகு தொலைவில் இருக்கின்றன. அதே மாவட்டத்துக் கோட்டக்குப்பமும் ஆரோவில் பக்கமும் அந்த வளையத்துக்குள் வருகின்றன. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அதை மேலிருந்து படமெடுக்கும் ஆசை கூடியிருக்கும். ஆனால் தொல்லியல் துறையைக் கேட்காமல் அங்கே ட்ரோனை எடுக்க முடியாது. கழுவேலி பறவைகள் சரணாலயத்தில் கேட்க வேண்டியது வனத்துறையை. போதாததற்கு, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டமோ, விக்கிரவாண்டி அரசியல் மாநாடோ, படமெடுக்க ஆசைப்படும் நாளும் தடை வரக்கூடிய நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும்.

அடுத்தது கல்யாண வீடு. ‘ஹெலிகேம்’ இல்லாத திருமண வீடியோ இந்தப் பக்கத்தில் இப்போது அரிது. பொழுதுபோக்காகப் பழகியவர் முதலில் கால் வைக்கும் தொழிலும் அதுதான். மைக்ரோ ட்ரோனைக் கூலிக்கு ஓட்டினால் சான்றிதழ் கட்டாயம். ஆனால் இங்கே முதல் முடிச்சு விமானியிடம் இல்லை, கருவியில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 முதல் முழுமையாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய இந்தியாவில் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. மைக்ரோ வகையிலோ அதற்கு மேலோ உள்ள ட்ரோனைத் தொழிலில் இறக்க வேண்டுமானால், அந்த மாடலுக்கு வகைச் சான்று வேண்டும். ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். வகைச் சான்று பெற்றவற்றில் மருந்து தெளிப்பவையும் நில அளவைக்கானவையுமே மிகுதி. கல்யாண வீடியோக்காரர் விரும்பும் சீனக் கேமரா ட்ரோனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கருவியோடு சான்றிதழை வைத்திருப்பது, ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பதைப் போன்றது. விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. திருமணப் படப்பிடிப்பை மட்டும் நம்பிப் பயிற்சிக் கட்டணம் கட்டுவது, இன்றைய நிலையில், முதலைத் தப்பான இடத்தில் போடுவதாகும்.

வயல் வேலையில் கணக்கு மாறுகிறது. விழுப்புரம் மாவட்டம் நெல், கரும்பு, மணிலா (நிலக்கடலை) விளையும் பூமி. திண்டிவனத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. மணிலா ரகங்கள் மாநிலம் முழுவதும் அறியப்பட்டவை. பத்து லிட்டர் தொட்டியோடு பறக்கும் மருந்து ட்ரோன் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலான சிறு வகையைச் சேர்ந்தது. அதைக் கூலிக்கு ஓட்டச் சான்றிதழ் கட்டாயம் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதற்கு ஏற்ற கருவிகளும் உள்நாட்டிலேயே வகைச் சான்றோடு கிடைக்கின்றன. கைத்தெளிப்பானால் ஏக்கருக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ட்ரோன் பத்து லிட்டர் அளவில் சில நிமிடங்களில் முடிக்கிறது. எல்லாப் பயிருக்கும் இந்த ஆதாயம் ஒரே அளவில் இல்லை. தாழ்வாகப் படரும் மணிலாவில் ஆள் இறங்கி டிக்கா நோய்க்கு அடித்துவிட முடியும். ஆள் உயரத்தைத் தாண்டிய கரும்புக்குள் தெளிப்பானைச் சுமந்து நுழைவது கடினம். ட்ரோனுக்கு உண்மையான தேவை அங்கேதான்.

ஏரிக்கரையில் பழகிய கை இங்கே ஓரளவே உதவும். கேமரா ட்ரோன் தானாகவே நிலைத்து நிற்கும். மருந்து ட்ரோனில் தொட்டி நீர் அலையும், தெளிக்கத் தெளிக்க எடை குறையும், மின்கம்பியும் பனை மரமும் குறுக்கிடும், காற்று திரும்பினால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோன் மருந்துத் தெளிப்புக்கெனத் தனி நடைமுறை வகுத்தது இதனால்தான். சிறு வகைப் பயிற்சியில் கனமான கருவியைத் திடலில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதே காகிதத்தைவிடப் பெரிய லாபம் எனலாம்.

அதற்காக வருமானம் உறுதி என்று சொல்லிவிட முடியாது. ஒரு பேட்டரி ஒருமுறைக்குப் பத்து நிமிடம் போலத்தான் தாங்கும். நாள் முழுக்க வேலை செய்யப் பல செட் பேட்டரியும் வயலோரத்தில் ஜெனரேட்டரும் வேண்டும். சம்பா, நவரைப் பட்டங்களில் சில வாரம் வேலை குவியும், பிறகு ட்ரோன் சும்மா கிடக்கும். மேலும், 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம் நாடெங்கும் 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், 8 லட்சம் ரூபாய் வரை, ட்ரோன் கொடுத்துப் பெண்களுக்கு விமானிப் பயிற்சியும் தருகிறது. மானியமில்லாமல் சொந்தப் பணத்தில் வாங்குபவர் அவர்களோடு ஏக்கர் கூலியில் போட்டியிடுவது எளிதல்ல. வேளாண் பட்டதாரிகளுக்குப் பாதி விலை, 5 லட்சம் வரை, மானியம் உண்டு. எந்த மானியத்துக்கும் தகுதி இல்லாதவருக்குச் சான்றிதழ் பெரும்பாலும் தருவது, பிறர் கருவியை ஓட்டும் சம்பள வேலைக்கான வாய்ப்பையே.

நில அளவை, வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு போன்றவை எண்ணிக்கையில் குறைவு, கூலியில் அதிகம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டிய பிறகு, மூழ்கிய வயலை மேலிருந்து அளப்பதன் பயனை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை கிடைப்பது படங்களைக் கோத்து வரைபடமாக்கத் தெரிந்தவருக்குத்தான். சான்றிதழ் அங்கே வாசல் சீட்டு மட்டும்.

அமெரிக்காவில் பொழுதுபோக்காளர் பலர் தொழில் சான்றிதழையும் எடுத்துவைக்கிறார்கள். அங்கே 2016 முதல் அமலில் உள்ள விதிப்படி அது ஓர் எழுத்துத் தேர்வு; பறந்து காட்டவே வேண்டாம், செலவும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2020 இறுதியில் பொழுதுபோக்கு, வணிகம் என்ற பிரிவையே விட்டுவிட்டு ஆபத்தின் அளவை வைத்து முடிவெடுக்கிறது. இந்தியாவிலோ பிரிவு இருக்கிறது, ஆனால் வணிகம் எது என்பதை விதிகள் விரித்துச் சொல்லவில்லை. தேர்த் திருவிழாவை மைக்ரோ ட்ரோனில் எடுத்து, விளம்பரக் காசு வரும் யூடியூப் சேனலில் போடுபவர் எந்தப் பக்கம்? பணம் வரும் நிலையில் அதைப் பொழுதுபோக்கு என்று வாதிடுவது கடினம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு கருத்துக் கேட்பு‌க்கு வைத்த புதிய ட்ரோன் சட்ட வரைவு, மீறல்களுக்குச் சிறைத் தண்டனை வரை பேசியது. இத்துறையினர் அதை எதிர்த்தனர். வரைவு எந்த வடிவில் சட்டமானாலும், கரும்புக்கு மருந்தடிக்கும் வேலையை நோக்கிப் போகிறவருக்கு இன்றைய பயிற்சி வீணாகாது. கேமரா ட்ரோனோடு நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் கருவிக்கு அடையாள எண் கிடைக்குமா என்பதை. பயிற்சி நிறுவனத்தின் விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம்.