பவுன் இளைத்த கதை

நம் வீட்டுப் பெண்கள் நகையைப் ‘பவுன்’ கணக்கில் சொல்கிறார்களே, அது இங்கிலாந்தின் ஒரு பவுன் தங்க நாணயத்தின் எடை. எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1914 யுத்தம் வந்ததும் சர்க்கார் காகித நோட்டை நீட்டியது. இன்றைய ஒரு பவுனுக்குக் குன்றிமணி எடைத் தங்கமும் கிடைக்காது.

தங்கம் கிடக்கட்டும். 1914ல் ஒரு பவுனுக்கு வாங்கிய குடும்பச் சாமானுக்கு இன்று ஏறத்தாழ 100 பவுன் வேண்டும்.

கூலியும் ஏறவில்லையா என்பார்கள். ஏறியது, மொத்தத்தில் விலையை விட அதிகமாகவே ஏறியது. ஆனால் விலை முதலில் ஏறும். கூலி பிறகு, அதுவும் போராடினால்தான். இடைப்பட்ட மாதங்களின் நஷ்டம் யார் தலையில்?

1967 நவம்பரில் பவுனின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 ஆகக் குறைத்த பிரதமர் வில்சன், உங்கள் பையிலுள்ள பவுன் குறையவில்லை என்று சமாதானம் சொன்னார்! 1975ல் விலைவாசி ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 24 ஏறியது. அவருடைய தொழிற்கட்சி சர்க்கார் கூலி உயர்வுக்கு வாரம் 6 பவுன் என்று வரம்பு கட்டியது. தொழிற்சங்க மேலிடமும் தலையாட்டியது. வாரம் 60 பவுன் வாங்கியவருக்கு அது நூற்றுக்கு 10தான்.

2022 அக்டோபரில் விலைவாசி மீண்டும் நூற்றுக்கு 11 ஏறியது. டிசம்பரில் இங்கிலாந்தின் நர்ஸுகளே ஆஸ்பத்திரி வாசலில் மறியலுக்கு நின்றார்கள்.