பல்லுக்குச் சொன்ன பொய்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். லோன் விண்ணப்பத்தில் ஒரு வரி பொய் இருந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். "வேறு கடன் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று கூசாமல் எழுதி வந்தவர்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரிடம் போனபோது, ஃபார்மில் "புகைப்பழக்கம் உண்டா?" என்ற கட்டத்துக்கு நேரே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

காரணம்? பக்கத்து நாற்காலியில் வீட்டம்மா. அவளைப் பொறுத்தவரை நான் சிகரெட்டை விட்டு வருடக்கணக்காகிறது. நிஜத்தில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கப் போகிற சாக்கில் நாளுக்கு ஐந்தாறு ஓடிக்கொண்டிருந்தது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போயிருந்தது. இம்ப்ளாண்ட் வைத்தார்கள். செலவு 38 ஆயிரம். நான்காம் மாதம் மேல்பல்லை மாட்டப் போனால் உள்ளே வைத்த திருகு ஆடுகிறது! டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியதும், "இப்ப சொல்லுங்க சார், ஒரு நாளைக்கு எத்தனை?"

சொன்னேன். "அது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா இப்ப வெச்சிருக்க மாட்டேன்" என்றார். வைத்ததை எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன் (பணம் போன பிறகு வருகிற ஞானம் தனி). இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் இறக்குகிற டைட்டானியம் திருகு. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று 1950களில் கண்டவர் ஸ்வீடனின் பிரோனேமார்க். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார். அந்த நோயாளிக்கு அது நாற்பது வருடம் உழைத்தது. ஆக, சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது டாக்டரின் ஸ்பேனர் இல்லை, நம் எலும்பு. திருகைச் சுற்றி எலும்பு வளர மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அந்த நேரம் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீடு கட்டும்போது தண்ணீரையும் சிமெண்டையும் சேர்த்து நிறுத்துகிற மாதிரிதான்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் கசியும். அதனால் ஈறு கெட்டுப்போனாலும் சட்டென்று தெரியாது. "எனக்குப் பல் விளக்கினா ரத்தமே வராது" என்று பெருமைப்படுகிற நண்பர்களே, கொஞ்சம் யோசியுங்கள்.

கணக்குக்கு வருவோம். 1993-இல் பெயின், மோய் என்ற இருவர் 2,194 இம்ப்ளாண்ட்களை ஆராய்ந்தார்கள். புகைக்காதவர்களுக்கு வைத்ததில் 4.76 சதவீதம் தோற்றது. புகைப்பவர்களுக்கு 11.28. அதன் பிறகு திருகின் மேற்பரப்பு எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. இருந்தும் பின்னால் வந்த தொகுப்பு ஆய்வுகளும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றுதான் சொல்கின்றன.

"அப்ப நூத்துக்கு எண்பத்தெட்டு நிக்குதே?" என்று கேட்பீர்கள். நிற்கிறதுதான். ஆனால் ஒரு கிளையில் வாராக்கடன் 4.76, பக்கத்துக் கிளையில் 11.28 என்றால் எங்கள் மண்டல அலுவலகம் இரண்டாவது மேனேஜரைச் சும்மா விட்டுவைக்குமா? தவிர, கடன் கொடுப்பவனுக்கு ரிஸ்க் தெரிந்தால் வட்டியைக் கூட்டலாம், தவணையை மாற்றலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தெரியாமல் கொடுத்தால்? என் டாக்டரை நான் அந்த நிலையில்தான் வைத்தேன்.

அடுத்தது வேப். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்கள், "சார், இது வெறும் ஆவி, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள். இந்தியாவில் 2019-லேயே இ-சிகரெட் விற்பனை, இறக்குமதி, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் சட்டப்படி தடை. அது எப்படி பையன்கள் கைக்கு வருகிறது என்பது தனிக் கதை. சிகரெட்டில் இருக்கிற தார் அதில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நிகோடின் இருக்கிறதே, ரத்தக்குழாயைச் சுருக்குவது அதுதானே? வாயும் வறண்டுபோகிறது. வேப் இழுப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட்டைச் சுற்றி எலும்பு அதிகம் தேய்வதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. நீண்டகாலக் கணக்கு இன்னும் வரவில்லை. கணக்கு வராத கம்பெனியில் உங்கள் தாடையை முதலீடு செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு டாக்டர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. ஃபார்மில் "புகை" என்று மட்டும் கேட்டால் போதுமா? தாராவி 90 அடி சாலைப் பக்கத்திலிருந்து வங்கிக்கு வருகிற நம்மூர்ப் பெரியவர்கள் பலருக்குக் கன்னத்தில் புகையிலை அடக்கியிருக்கும். மராத்திக்காரர்கள் சிலருக்கு மிஷ்ரி. இவர்கள் "புகைப்பழக்கம் இல்லை" என்று எழுதினால் அது பொய்யே இல்லை! 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைத்த பெரியவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை போட்டவர்கள் 21.4 சதவீதம். பெரிய பாதியைக் கேள்வியே தொடவில்லை. எந்த வடிவில் என்றாலும் புகையிலை உண்டா என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள். அதையும் பணம் வாங்கும் முன்பே கேளுங்கள்.

இப்போது முக்கிய விஷயம். நம்மில் பலர் மும்பையிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவின் பல்லுக்குப் பணம் அனுப்புகிறோம். போன மாதம் பாவூர்சத்திரத்திலிருந்து அப்பா பேசினார். "ஏலே, எல்லாரும் ஸ்க்ரூ பல்லு வைக்கானுவ, எனக்கும் நாலு வச்சிரலாமால?" அப்பாவுக்குப் பீடி உண்டு. அதைப் பற்றி வாய் திறக்க எனக்குக் கூச்சம். அம்மா சுற்றிய பீடியில்தான் என் பி.காம் ஃபீஸ் கட்டினார்கள். பீடியைக் குறை சொன்னால் அம்மாவின் கையைக் குறை சொல்வது போல இருக்கும்.

இருந்தாலும் இந்த முறை சொன்னேன். என் பொய்யையும் சேர்த்தே சொன்னேன். வைப்பதற்கு ஒரு வாரம் முன்பும், வைத்த பின் எட்டு வாரமும் புகையை நிறுத்தியவர்களுக்குப் பலன் நன்றாக இருந்ததாக 1996-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, இப்போது பல டாக்டர்கள் அதைவிட அதிக நாள் கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுவது வயசுல பீடிய விடுறதுக்கு, கழட்டி மாட்டுற செட்டே போதும்ல" என்றார். பல்லைப் பொறுத்தவரை அது நேர்மையான முடிவு. நுரையீரலைப் பற்றிய சண்டை தொடர்கிறது.

ஆகவே பணம் அனுப்பும் முன் டாக்டர் யார், எவ்வளவு என்று கேட்பதோடு, "அப்பா, இப்பவும் உண்டா?" என்றும் கேட்டுவிடுங்கள். விட நினைப்பவர்களுக்குச் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் இலவச எண் 1800-11-2356.

என் கதை? அன்று இரவு செம்பூர் வீட்டில் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதாக்கும்? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் இரண்டாவது இம்ப்ளாண்ட். இந்த முறை ஃபார்மை அவள்தான் நிரப்பப் போகிறாளாம்.